உருகிய வயர்

அப்புத்தளை மலையின் பனிமூட்டத்தில், மதலேனாவின் பழைய வேனுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறான் மெக்கானிக் கிருபாகரன். புகையை அளந்து எஞ்சினுக்கு எரிபொருளைச் சரிப்படுத்தும் ஒட்சிசன் சென்சர், நேற்று அவன் மாற்றியது, புதுசாய் மின்னுகிறது. அதன் வயரைத்தான் அவன் சரியாக மாட்டவில்லை. அது சூடான சைலன்சர் குழாயில் விழுந்து உருகிக் கிடக்கிறது. வெளியே மதலேனாவின் சேறு படிந்த செருப்புகள் தெரிகின்றன. "ஏத்தத்துல வண்டி இழுக்கலங்க. மாசமா இருக்க மகள எறக்கி மழையில நடக்க வச்சேன். உங்க மேல குத்தமில்ல, கெழட்டு வண்டி என்ன பண்ணும்!" என்கிறாள்.

அவன் காதுமடல் சுடுகிறது. ஆமென்று சொல்லிவிட்டால் போதும். ஆனாலும் வெளியே ஊர்ந்து வந்து, தலை நிமிராமல் வயரை நீட்டுகிறான். "வண்டி மேல குத்தமில்லக்கா. நான்தான் ஒழுங்கா மாட்டல." மதலேனா வயரையே பார்க்கிறாள். இத்தனை நாள் வாங்க, போங்க என்றவள், "சரி, மாட்டு" என்கிறாள்.