அதே பெயரில் இன்னொருவர்

உங்கள் பெயரில் வேறொருவர் வந்திருக்கிறார் என்று கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த பெண் சொன்னதும், கையெழுத்துப் போட எடுத்த பேனாவை அவர் கீழே வைத்துவிட்டார்.

மோர்னிங்சைட்டில் இருக்கும் மாகாண சேவை நிலையத்துக்கு, லைசென்ஸ் புதுப்பிக்கத்தான் மகள் யதுஷாவோடு வந்திருந்தார். படம் எடுத்து முடிந்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தப் பெண்ணின் சட்டையில் ஸ்டெபனி என்று எழுதியிருந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் விளக்கினாள். போன மாதம் ஒருவர் இதே மேசைக்கு வந்து அடையாள அட்டை கேட்டிருக்கிறார். இந்தியாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர். வீரக்குட்டி கோணேஸ்வரன் என்ற அதே பெயர். அதே பிறந்த நாள். பிறந்த ஊரும் மட்டக்களப்பில் அதே கிரான்.

யதுஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்பவள். இனிச் செய்ய வேண்டியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

முதலில் பொலிஸில் முறைப்பாடு. பிறகு, அப்பாவின் பெயரில் யாரும் கடன் வாங்க முடியாதபடி கடன் பதிவு நிறுவனங்களில் பூட்டுப் போடுவது. பிறகு மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவு. சட்டம் முழுவதும் நம் பக்கம்தான் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விடு மகள், போவம். ஆரும் பேர் மாறி வந்திருப்பாங்க."

"எப்பிடியப்பா விடுற? உங்கட பேரையே ஒருத்தன் களவெடுத்திருக்கான். பயப்படாதீங்க, நாமதான் பாதிக்கப்பட்ட ஆக்கள்."

யாரோ தன் பெயரில் கடன் வாங்கி வீடு பறிபோய்விடும் என்று அப்பா பயப்படுகிறார் என நினைத்து, அவள் அவருடைய முதுகைத் தடவிவிட்டாள்.

ஸ்டெபனியும் ஆறுதலாகவே பேசினாள். கோப்பு விசாரணைப் பிரிவுக்குப் போகும். இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கைரேகையும் எடுப்பார்கள். பொய்க்காரன் தப்பவே முடியாது.

கைரேகை என்ற சொல்லை மொழிபெயர்க்க மகள் தேவைப்படவில்லை. அவர் விரல்களைத் தன்னையறியாமல் மடக்கிக்கொண்டார்.

வாசலில் காவலாளி ஒருவன் நின்றான். அவனைத் தாண்டினால் கார் தரிப்பிடம். நடந்து போனால் யாரும் மறிக்கப் போவதில்லை. ஆனாலும் அவர் போகவில்லை.

அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு கேள்வி கிளம்பியது. அதைக் கேட்காமல் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. கேட்டால், பிறகு எங்கேயும் நகர முடியாமல் போகலாம்.

கேட்டார்.

"மகள், அந்த ஆளுக்குக் கதைக்கக்குள்ள திக்குமா எண்டு கேளு."

யதுஷா அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. ஸ்டெபனி முதல் தடவையாகத் திரையை விட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆம். தன் பெயரைச் சொல்லி முடிக்கவே அந்த மனிதர் மிகவும் பாடுபட்டார். பின்னால் நின்றவர்கள்கூட முணுமுணுத்தார்கள். உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அவர் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு, ஊரில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட, பேச்சுத் திக்கும் கோணேஸ்வரன் திரும்பி வரவேயில்லை. வெளிநாடு போக அவனுக்கு எடுத்து வைத்திருந்த பாஸ்போட்டை, அவனுடைய தாய்தான் மகனின் கூட்டாளியின் கையில் திணித்தாள். நீயாவது போய்த் தப்பு என்று அழுதாள். ஏஜென்சிக்காரன் படத்தை மட்டும் மாற்றினான்.

அந்தக் கூட்டாளியின் பெயர் குலசிங்கம். இந்த நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. மனைவிகூடக் கூப்பிட்டதில்லை.

கண்ணாடிக்கு அப்பால் ஸ்டெபனி தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

யதுஷா குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். அப்பா அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஆரப்பா அவர்?"

"அது அவன்ட பேர்தான், மகள்" என்றார். "உசிரோட வந்திருக்கான்."