அந்த ஆளை எந்திரிக்கச் சொல்லு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேட்ச் வைத்தால் எவர் வருவார்? சேனலுக்கு அந்த நேரம்தான் தோது. காலியாகக் கிடக்கும் கேலரியை டிவியில் கம்ப்யூட்டரே ஆட்களால் நிரப்பிவிடும்.

மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, மகள் ஜெனோவா ஆடும் கல்லூரிக் கால்பந்தைப் பார்க்க மரியபுஷ்பம் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

சேனல்காரர் பதறிக்கொண்டு வந்தார். “அக்கா, எந்திரிங்க. டிவியில உங்க சீட்ல வேற ஆளு உட்கார்ந்திருக்கு.”

“அப்ப அந்த ஆளை எந்திரிக்கச் சொல்லு.”

அவள் அசையவில்லை. “ஏட்டி ஜெனோவா, ஓங்கி அடி!” என்று கத்தினாள். மைதானத்தில் கேட்ட ஒரே குரல் அதுதான்.

ஜெனோவா அடித்தாள். கோல்!

கோல் போட்டால் கேமரா முன்னால் வந்து ஆட வேண்டும் என்பது சேனல் சட்டம். பதினோரு பெண்களும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரியபுஷ்பத்தைப் பார்த்து ஓடினார்கள்.