சம்பந்தி எதிரில்

விசாலாட்சியின் கட்டிலில் மாலை வெயில் சாய்கிறது. குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். பக்கத்து நாற்காலியில், திருமயத்திலிருந்து பார்க்க வந்த சம்பந்தி ஆரஞ்சுப் பையை மடியில் வைத்தபடி விறைப்பாக அமர்ந்திருக்கிறார். காற்றுப் பிரியும்வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மார்ஃபின் ஊசி வலியைத் துடைத்துப் போட்டது. கூடவே குடலையும் தூங்க வைத்துவிட்டது. டிரமடால் என்ற லேசான வலிமருந்துக்கு மாற்றினால் குடல் விழிக்கலாம், வலி தெரியும் என்றார் டாக்டர். “வலிய நான் பாத்துக்கிறேன், மாத்துங்க” என்றாள். இப்போது தையல் சுள்ளென்று இழுக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் ஏதோ புரண்டு, நகர்ந்து, கீழே இறங்குகிறது. சம்பந்தி எதிரில் இருமக்கூட வாயைப் பொத்திக்கொள்கிறவள், விரிப்பை இறுகப் பற்றுகிறாள். அடக்க முடியவில்லை. நீண்டு, கணீரென்று, அறை முழுக்கக் கேட்கிறது. ஆரஞ்சு ஒன்று தரையில் உருள்கிறது. மகள் மீனாள் மாமனார் இருப்பதையே மறந்து துள்ளுகிறாள். “ஆத்தா! காத்துப் பிரிஞ்சிருச்சு! சிஸ்டர், இங்கிட்டு ஓடியாங்க!” நர்ஸ் பிளெஸ்ஸி கைதட்டிக்கொண்டே வருகிறாள். சம்பந்தி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்புகிறார். “ரொம்பச் சந்தோஷம் ஆச்சி.” விசாலாட்சி முகத்தைத் திருப்பவில்லை. அவரை நேருக்கு நேர் பார்க்கிறாள். “இருங்க சம்பந்தி, இன்னொண்ணு வருது.”