ஓரெழுத்து

அரங்கமே கைதட்டியபோது, மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவள் மட்டும் தட்டவில்லை.

மேடைத் திரையில் 'வணக்கம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன் கீழே சக்கர நாற்காலியில் மரகதம்மாள்.

தலையில் மூளை அலைகளைப் பிடிக்கும் தொப்பி. நரம்பு நோய் அந்த உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இமை அசைவையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது. காது கேட்கும். கண் தெரியும். புத்தியில் ஒரு குறையும் இல்லை.

சொல்லத்தான் வழியில்லை.

முதல் வரிசை விருந்தினர்கள் எழுந்து நின்று பதிலுக்குக் கைகூப்பினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது.

அவளுடைய மடிக்கணினியில் இருந்தது ஒரே ஓர் எழுத்து.

வ.

மரகதம்மாளின் எதிரே உள்ள சின்னத் திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னும். வேண்டிய எழுத்து மின்னும்போது மூளையில் சின்னதாக ஓர் அலை எழும். அந்த அலையை அடையாளம் காண்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மரகதம்மாளிடமிருந்து அப்படி எழுந்தது 'வ' மட்டும்தான்.

மிச்சத்தை நிரப்பியது கணினி. கைப்பேசியில் நாம் அடித்து முடிப்பதற்குள் அதுவாக ஒரு சொல்லை நீட்டுமே, அப்படி.

நீட்டினால் 'இதுதானா?' என்று கேட்க வேண்டும். அவர் அதே அலையால் ஆம் என்றால்தான் எழுத வேண்டும். அவள் அப்படித்தான் அமைத்திருந்தாள்.

அந்தக் கேள்வியை இப்போது காணவில்லை.

மேடையோரம் நின்ற பேராசிரியர் வைத்தீஸ்வரனிடம் போய்க் கேட்டாள். காலையில் தான்தான் எடுக்கச் சொன்னதாக அவர் மறைக்காமல் சொன்னார். ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் பிடித்தால் வந்தவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்களாம்.

"சார், அது அவங்க சொன்னது இல்ல. நாம சொன்னது."

அவர் சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் குனிந்தார்.

"நல்ல வார்த்தைதானேம்மா. அந்த மனுஷன் முகத்தைப் பாரு. அதைப் போய்க் கெடுக்கப் போறியா?"

அவள் பார்த்தாள்.

மரகதம்மாளின் கணவர் தணிகாசலம் நாற்காலியருகே மண்டியிட்டிருந்தார். விழுப்புரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசிட்ட மரகதம், பேசிட்ட என்று மனைவியின் காதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் எடுக்க வந்தவர்கள் அவரை நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். பிடிக்க முடியாத கைகளில் ஒரு பூங்கொத்தை வைத்தார்கள். அது சரிந்தது. எடுத்து மறுபடி வைத்தார்கள். மறுபடி சரிந்தது. ஒருவர் அதைச் சேலை மடிப்பில் செருகிவிட்டுப் போனார்.

யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

பார்த்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. அதற்குத்தானே இந்தத் தொப்பி.

தேநீருக்கு அழைத்தார்கள். கூட்டம் பேசிக்கொண்டே வெளியேறியது. அவள் மேடையேறி நாற்காலியின் முன்னால் உட்கார்ந்தாள்.

தணிகாசலம் அவளைக் கும்பிட வந்தார். அவள் அந்தக் கைகளைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

பிறகு சொன்னாள். அந்தச் சொல் அம்மாவுடையது இல்லை என்று. முதல் எழுத்து மட்டும்தான் அவருடையது, மீதி எங்கள் கணினியுடையது என்று. சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. தன்னைத் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை போலவும் இருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். வெற்றாகிவிட்ட மேடைத் திரையைப் பார்த்தார்.

"அப்போ அவ என்னதாம்மா சொல்ல வந்தா?"

இத்தனை பெரிய அரங்கத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

சொல்லை நீட்டும் பகுதியை அவள் மொத்தமாக வெட்டியெறிந்தாள். மரகதம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாள். இந்த முறை யாரும் குறுக்கே வர மாட்டோம், மெதுவாகச் சொல்லுங்கள் என்றாள்.

எழுத்துகள் மின்னத் தொடங்கின.

வாசலில் பேராசிரியர் தலை தெரிந்தது. விருந்தினர்கள் அவளைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். முதுகுக்குப் பின்னால் கதவு கொஞ்சம் அழுத்தமாகவே சாத்தப்பட்டது.

வ.

கணினி காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். ஓர் இமையளவுகூட அசைய முடியாத உடம்புக்குள்ளிருந்து அடுத்த எழுத்து ஏறி வர வெகுநேரம் ஆனது.

ல.

பிறகு, அதன் மேல் ஒரு கொக்கி. லி.

தணிகாசலம் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

கைதட்டல், கும்பிடு, படம், பூங்கொத்து. அத்தனை நேரமும்.

அவர் மனைவியின் மேல் குனிந்தார். பழக்கம் விடாமல் காதை அவர் உதட்டருகே கொண்டுபோனார்.

"எங்க வலிக்குது மரகதம்?"

அவள் எழுத்துகளை மறுபடி மின்னவிட்டாள்.