முதல் பக்கத்தில் முத்துமாரி

“மொதல்ல இந்த மாலைய எடுக்கணும் தம்பி. பெறகுதான் மத்த வேலையெல்லாம்” என்று நெல்லையப்பன் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

வானமாமலை வாங்கிப் பார்த்தான். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கறுப்புக் கட்டம் போட்டு அடித்த நோட்டீஸ். நடுவில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சகத்துக்காரன் அவள் படத்தைச் சுற்றி ஒரு ரோஜா மாலையும், கீழே ஒரு குத்துவிளக்கும் போட்டிருந்தான்.

மும்பை தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை அது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. வானமாமலை செம்பூர்க்காரன். சின்னக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அவன் தொழில். கேட்காமலே ஆலோசனை சொல்வது அவன் சுபாவம்.

“உங்க பொண்ணா அண்ணாச்சி?”

“ஆமா. முத்துமாரி. ஒத்தப் பிள்ள. இவ மொகம் மொதப் பக்கத்துல பெருசா வரணும். கடைப் பேரும் இனிமே ‘முத்துமாரி பேக்ஸ்’தான்.”

இழவு விழுந்த வீட்டில் தொழில் பேசுவது வானமாமலைக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் மனசுக்குத் தப்பென்று பட்டதைச் சொல்லாமல் வேலை செய்து பழக்கமில்லை அவனுக்கு.

“தப்பா எடுத்துக்காதீங்க. சைட்டைத் திறந்ததும் கஸ்டமர் கண்ணுல பைதான் படணும். பை, விலை, வாட்ஸ்அப் பட்டன், வர்றதுக்கு மேப். இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவான். பொண்ணு போட்டோவைக் கடைசிப் பக்கத்துல, ‘நினைவாக’ன்னு போட்டு...”

“அந்த வார்த்த வேண்டாம்.” நெல்லையப்பன் குரல் இறுகியது. “ஏவாரம் நடந்தா நடக்கட்டும், நடக்காட்டிப் போகட்டும். மொதப் பக்கத்துல அவ மொகம், மாலையும் வெளக்கும் இல்லாம. அம்புட்டுதான்.”

பெற்ற மனம் பித்து. அதற்கு மேல் அவன் வாதாடவில்லை.

“வேற போட்டோ இருந்தா வேலை ஈஸி. போன்ல எதாவது?”

“எல்லாத்தையும் எரிச்சாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

உள்ளே கட்டிலில் கிடந்த அவர் மனைவி இசக்கியம்மாள் இருமினாள். நெல்லையப்பன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“திங்கக்கெழம இவளுக்கு நெஞ்சுல ஆப்பரேசன். டாக்டரு உறுதியா எதுவும் சொல்ல மாட்டேங்காரு. அதுக்குள்ள சைட்டு வந்துரணும் தம்பி.”

போகிறவள் மகளின் முகத்தை ஒருமுறை நல்லபடியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறார் போலும். வானமாமலை அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

நோட்டீஸைப் படம் பிடித்துத் திரையில் பெரிதாக்கினான். மறைந்த நாள் என்று போன வைகாசியில் ஒரு தேதி இருந்தது. அன்று மாட்டுங்காவில் ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது அவனுக்கு நினைவு வந்தது. நல்ல முகூர்த்த நாள், ஊரெல்லாம் மேளம் கொட்டிய நாளில் இந்த வீட்டில் மட்டும் இப்படி ஆகியிருக்கிறது, பாவம்.

“கீழ உங்க பேர் மட்டும் இருக்கு. அம்மா பேர் இல்லியே அண்ணாச்சி?”

“அவ போடக்கூடாதுன்னுட்டா.”

எந்தத் தாய்தான் சம்மதிப்பாள்? வானமாமலை ஒவ்வொரு ரோஜாவாக அழித்தான். மாலைக்கு அடியில் மறைந்திருந்த துப்பட்டாவையும் மெல்லிய சங்கிலியையும் பொறுமையாக வரைந்து சேர்த்தான். விளக்கும் போனது.

இசக்கியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். திரையில் மகளின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அழுதாள்.

“அவதான் சொல்லிக்கிட்டே கெடப்பா, காலம் மாறிட்டு, ஒரு வெப்சைட் போடுங்கப்பான்னு. நான் எங்க காதுல வாங்குனேன்” என்றார் நெல்லையப்பன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “இது காட்கோபர்ல இருந்து பாத்தாலும் தெரியுமா தம்பி?”

இதே மும்பையில் இருக்கிற காட்கோபரைக் கேட்கிறாரே என்று அந்த நேரத்திலும் வானமாமலைக்குச் சிரிப்பு வந்தது. “அமெரிக்காவுல இருந்து பாத்தாலும் தெரியும் அண்ணாச்சி.”

“அமெரிக்கா எதுக்கு? காட்கோபர்ல தெரிஞ்சாப் போதும்.”

காட்கோபரில் யாரோ பெரிய பார்ட்டி இருக்கிறது, சரக்கு மொத்தமாக எடுப்பான் போல என்று எண்ணிக்கொண்டு அவன் வேலையை முடித்தான். முதல் பக்கம் முழுக்க முத்துமாரி சிரித்தாள்.

“கடைசியா ஒரு ஆலோசனை. வெறும் முகத்தைப் பாத்தா யாருக்கும் ஒண்ணும் புரியாது. கீழ ஒரு வரி வேணும். என்ன போடட்டும்?”

“‘முதலாளி முத்துமாரி’ன்னு போடுங்க.”

வானமாமலையின் விரல்கள் நின்றன. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெதுவாகச் சொன்னான். “அண்ணாச்சி, உங்க மனசு புரியுது. ஆனா இறந்தவங்களை எப்படி முதலாளின்னு...”

நெல்லையப்பன் அந்த நோட்டீஸை எடுத்து நாலாகக் கிழித்தார். மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“‘ஒங்கம்மாவ ஒரு தடவ வந்து பாரு’ன்னு கூப்பிட, போன வாரம் காட்கோபருக்குப் போயிருந்தேன் தம்பி. ‘செத்தவ எப்பிடிக் கதவத் தொறப்பா’ன்னு உள்ள இருந்தே கேட்டா.”