நல்ல மீன் இல்லாத கிழமை

நான்காவது நாளாக நஜ்முன் நிஸா வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"மீன் எங்க?" என்றார் ஜவாஹிர்.

"நல்ல மீன் ஒண்டும் இல்ல. எல்லாம் பழசு."

ஆனி மாதத்துத் திருகோணமலையில் நாலு நாளாக நல்ல மீன் இல்லையாம்! அவருக்குச் சுருக்கென்றது.

சீனன்குடாவுக்கு லொறி ஓட்டும் அவரை, நெஞ்சு நோவென்று டாக்டர் ஒரு மாதம் வீட்டில் இருத்தியிருந்தார். இல்லாவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது. மூன்று மணி தாண்டினால் நிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறாள். வரும்போது கண்கள் சிவந்திருக்கின்றன. கேட்டால், நோன்புக் களைப்பு என்கிறாள்.

மறுநாள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் மீன்கார அலியாரிடம் மெல்ல விசாரித்தார்.

"உங்கட வீட்டுக்காரியா? இந்தப் பக்கம் கண்டு ஒரு கிழமைக்கு மேல, ஜவாஹிர் காக்கா."

இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் முதல் தடவையாக, அன்று பின்னேரம் அவர் மனைவிக்குத் தெரியாமல் அவள் பின்னால் நடந்தார்.

அவள் சந்தைப் பக்கம் திரும்பவேயில்லை. மாதா கோவிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைக்குள் இறங்கினாள். கடைசி வீட்டுப் படலையைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனாள். பழகிய கை.

ஜவாஹிர் வேலியோரம் ஒதுங்கினார். சாத்திய யன்னலுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

இன்னும் கிட்டப் போனார். அது இங்கிலீசு. கரகரப்புக்கு நடுவே யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். ரேடியோ! அது ஓய்ந்ததும் ஒரு பெண்குரல் கேட்டது. அவருடைய மகளுக்குப் படிப்பித்த அருள்மலர் டீச்சரின் குரல்.

"இஸ்ரேல்காரற்றை டாங்கியள் பஹம்தூனுக்குள்ள இறங்கிட்டுதாம் நிஸா. பெய்ரூத்துக்குப் போற பெரிய ரோட்டைப் பிடிக்கத்தான் இந்த அடிபாடு."

"அப்ப ஊரு விழுந்திட்டா டீச்சர்?" நிஸாவின் குரல் உடைந்தது.

ஜவாஹிர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். பஹம்தூன்! இரண்டு கிழமையாக அவர் நெஞ்சுக்குள் கிடந்து முள்ளாய்க் குத்தும் பெயர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் உம்மு குல்சுமை, முதலாளி குடும்பம் லெபனானுக்குக் கூட்டிப் போய்விட்டதாம். பெய்ரூத்துக்குப் பக்கத்து மலையில் பஹம்தூன் என்ற ஊராம். அனுப்பிய ஏஜன்ட் ஸுஹைர் அவரிடம் மட்டும் சொன்ன இரகசியம் அது.

அடுத்த நாளே லெபனானில் சண்டை பெருத்துவிட்டதென்று செய்தி வந்தது. பெற்றவள் தாங்கமாட்டாளென்று, வீட்டு ரேடியோவைப் பழுதென்று சொல்லி அலுமாரிக்கு மேல் ஏற்றிவைத்தவர் அவர்தான். பிறகு, இவளுக்கு எப்படித் தெரிந்தது?

உள்ளே டீச்சர் கேட்டார்: "அவரிட்டை இன்னும் சொல்லயில்லையோ?"

"எப்பிடிச் சொல்ற? பக்கத்து வீட்டு ஸல்ஹாட மகளும் குவைத்திலதானே. அவ எழுதித்தான் எனக்கே தெரியும். இவர்ர நெஞ்சு இதத் தாங்குமா? புள்ள குவைத்தில இருக்கெண்டு நம்பி, மனுசன் ராவையில நிம்மதியாத் தூங்குறார் டீச்சர்."

பதினான்கு இரவுகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தவர், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நிஸா திடுக்கிட்டு எழுந்து ரேடியோவை மூடப் பாய்ந்தாள். "ஒண்டுமில்ல... சும்மா பாட்டுக் கேக்க..."

"மூடாத புள்ள," என்றார். "எனக்கும் கேக்கணும்."

அதற்குப் பிறகு இங்கிலீசுச் செய்தி கேட்க இருவரும் டீச்சர் வீட்டுக்குச் சேர்ந்தே போனார்கள். பஹம்தூன் விழுந்தது. சண்டை பெய்ரூத்துக்குப் போனது. அந்த மலையூரின் பெயரைச் செய்தியில் யாரும் திரும்பச் சொல்லவில்லை. நோன்பு திறக்கும் ஒவ்வொரு பொழுதும் ஒரே துஆதான்: மகள் உயிரோடு இருக்கவேண்டும்.

நோன்பு பாதி கழிந்த ஒரு காலை, தபால்காரர் கனகரத்தினம் படலையில் மணி அடித்தார்.

"சிரியா முத்திரை. போன கிழமைச் சீல். உங்கட மகள் குவைத்திலையெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

சிரியா! லெபனானுக்குப் பக்கத்து நாடு, சண்டைக்கு அந்தப் பக்கம். உறையின் மேல் மகளின் கோணல் எழுத்து. போன கிழமை அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்!

ஜவாஹிர் உறையை மனைவியிடம் நீட்டினார். நிஸாதான் பிரித்தாள். முதல் வரியை வாசித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக உரக்க வாசித்தாள்:

"பயப்படாதீங்க உம்மா, குவைத்தில ஒரு சண்டையும் இல்ல. வாப்பாட்டயும் சொல்லுங்க."