வாசம் வந்துடுச்சு!

"போனை உள்ள வைடி, வாசம் வந்துடுச்சு!"

இஸ்திரி அக்கா சொல்லி வாய் மூடுவதற்குள், மடிப்புக்காரி போனை ஏப்ரன் பைக்குள் தள்ளிவிட்டு ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டாள். சாம்பிராணிப் புகையும் கிராம்பும் பட்டையும் கலந்த அந்தக் கதகதப்பான வாசம், சோப்பு நெடியையும் நீராவியையும் தள்ளிக்கொண்டு சலவைக்கூடத்துக்குள் நுழைந்தது. வாசத்தின் சொந்தக்காரரான சூப்பர்வைசர் அதற்கப்புறம்தான் நிதானமாகப் படியிறங்கி வந்தார்.

ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் வேலையே கண்ணாக இருந்தார்கள். "ம்" என்று ஓர் உறுமல். வந்த வழியே போய்விட்டார்.

"மடச் சாம்பிராணி!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆளைப் பிடிக்க வர்றவரு இப்படியா ஊரைக் கூட்டிக்கிட்டு வருவாரு?"

அது ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளம். சுவரிலிருந்த விசிறி படிக்கட்டுப் பக்கத்துக் காற்றையெல்லாம் உள்ளே இழுத்துவிடும். அதனால் அவர் மேல்படியில் கால் வைத்ததுமே கீழே எல்லோர் மூக்குக்கும் சேதி வந்துவிடும்.

"ஆனாலும் எதுக்குக்கா இவ்வளவு சென்ட்?"

மடிப்புக்காரிக்கு அதுதான் விளங்கவே இல்லை. மனிதர் தலையை ஒழுங்காக வாரியிருக்க மாட்டார். சட்டைக் காலர் நைந்து கிடக்கும். சென்ட் மட்டும் கல்யாண மாப்பிள்ளை கெட்டான்.

"ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறாரோ என்னவோ."

"இந்த உர்ர் மூஞ்சிக்கா?"

"அப்ப திருட்டு சிகரெட்டா இருக்கும். இல்லைன்னா மூக்கு அவுட்டு. தன் வாசம் தனக்கே தெரியாம பாட்டிலைக் கவுத்துக்கறாரு. நமக்கென்ன? நல்லதாப் போச்சு."

நல்லதாகத்தான் போயிற்று. வேலை நேரத்தில் போன் பேசினால் குற்றம். மூன்றாம் தடவை மாட்டினால் சீட்டுக் கிழிந்துவிடும். முன்பிருந்த சூப்பர்வைசர் பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவரிடம் மடிப்புக்காரி ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டி, காரணமும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவளுக்கும் வேறு வழியில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் தனியாகத்தான் வீடு திரும்புவாள். வீட்டில் வேறு துணை கிடையாது. குழந்தை உள்ளே போய், "அம்மா, தாழ்ப்பாள் போட்டுட்டேன்" என்று சொல்லும்வரை இவளுக்கு உயிரே இருக்காது. இந்த வேலையும் போய்விட்டால் வாடகைக்கு எங்கே போவது என்ற பயம் வேறு.

இப்படி வாசத்தின் தயவில் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மேனேஜரே கீழே இறங்கி வந்தார். பின்னால் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தலையணை உறையில பட்டை, கிராம்பு வாசம் அடிக்குதாம். 'தலையணையைத் தாளிச்சு அனுப்பியிருக்கீங்களா'ன்னு ரூம்ல தங்கினவரு கேக்குறாரு. மானம் போகுது! இனிமே இங்க யாரும் சென்ட் போடக் கூடாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், சூப்பர்வைசர்."

"சார், அந்த வாசம் நல்லாத்தானே சார் இருக்கு! எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்!" மடிப்புக்காரிக்கு வாய் முந்திக்கொண்டது.

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அக்கா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

மேனேஜர் போனதும், அவள் சூப்பர்வைசரின் பின்னாலேயே படிக்கட்டுவரை ஓடினாள். "சார், அப்ப நாளையிலேர்ந்து போடவே மாட்டீங்களா?"

"உத்தரவு வந்தாச்சேம்மா."

"கொஞ்சூண்டு? காதுக்குப் பின்னால மட்டும்?"

அவர் ஏதோ யோசனையோடு படியேறிப் போனார்.

மறுநாள் சலவைக்கூடத்தில் சோப்பு வாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. எல்லோரும் நிமிடத்துக்கொரு முறை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். மடிப்புக்காரியின் ஏப்ரன் பையில் போன் அதிர்ந்தது.

"எடுக்காதடி. எப்ப வந்து நிப்பாருன்னு யாருக்குத் தெரியும்?"

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. பெற்ற மனம் எத்தனை தடவை பொறுக்கும்? துண்டுகள் குவிந்திருந்த தள்ளுவண்டிக்குப் பின்னால் குனிந்து போனைக் காதில் வைத்தாள்.

"ஏம்மா எடுக்கலை?" குழந்தையின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. தாழ்ப்பாள் போட்டியா?"

"எட்டலைம்மா. இரு, ஸ்டூல் எடுத்துட்டு வர்றேன்."

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டின் உச்சியிலிருந்து யாரோ தொண்டை கிழியப் பாடும் சத்தம் கேட்டது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை. பாதி வரி மறந்துபோய் அந்த இடத்தில் "லல்லல்லா" வேறு.

"யாருடி அது, கழுத்தை அறுக்கறது?" என்றாள் அக்கா.

பாட்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. போன் பைக்குள் போயிற்று, விரிப்பு கைக்கு வந்தது. வாசலில் வந்து நின்றவர் சூப்பர்வைசர். முகமெல்லாம் வெட்கத்தில் சிவந்திருந்தது.

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள், "என்ன சார், இன்னிக்கு ஒரே பாட்டா இருக்கு?"

"சென்ட்தானே கூடாதுன்னாங்க" என்றார் அவர்.

வழக்கம்போல ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், மடிப்புக்காரியின் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பா தாழ்ப்பாள் போட்டாச்சாம்மா? இன்னும் இல்லைன்னா சொல்லு, மேல போய் இன்னொரு தடவை பாடிக்கிட்டே வர்றேன்."